ஒரு விமானம், நான்கு எண்கள்: பழைய பயிற்சி விமானத்தின் பணி வரலாற்றைத் தேடுவது எப்படி?



"தகவல் திரட்டி விளக்கக் கட்டுரை எழுதுக" என்று உயர்நிலை மூன்றில் கொடுத்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். தேடலில் முதலில் கிடைத்த பத்தி, நாலு சொல் மாறி நம் மேசைக்கு வந்துவிடும். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "நெட்ல போட்டிருந்துச்சு டீச்சர்" என்பதோடு சரி. அந்தக் கேள்வியிலிருந்து மாணவர் தப்பிக்கவே முடியாத ஒரு தலைப்பைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். பழைய இராணுவப் பயிற்சி விமானம் ஒன்று எந்தெந்த நாட்டில், யாரிடம் பணியாற்றியது என்று தேடுவதுதான் அது. பொங்கோல் பள்ளிகளுக்குச் சிலேத்தார் கூப்பிடு தூரம். ஆகவே நம் பிள்ளைகளுக்கு இது பக்கத்து வீட்டு வரலாறும்கூட.

முதலில் பின்னணி. தன் படைகளை மீட்டுக்கொள்ளப்போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் தனக்கென ஓர் ஆகாயத் தற்காப்பு அமைப்பைத் தொடங்கியது. தொடக்கத்தில் சொந்தப் பயிற்சி விமானம்கூட இல்லை. சிங்கப்பூர் பறத்தல் மன்றத்தின் இரண்டு செஸ்னா விமானங்களில்தான் பயிற்சி நடந்தது. 1969 மே மாதம் எட்டு செஸ்னா 172கே வந்தன. அடுத்து ஸ்டிரைக்மாஸ்டர் ஜெட், பிறகு இத்தாலியின் எஸ்எஃப்.260. 1975 ஏப்ரலில் அந்த அமைப்பு 'சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப்படை' ஆனது. அதே ஆண்டு தென் ஏமனிடமிருந்து பழைய 'ஜெட் புரோவோஸ்ட்' பயிற்சி விமானங்கள் சில வாங்கப்பட்டன. அவற்றில் ஒன்றைத்தான் நாம் பின்தொடரப் போகிறோம்.

ஜெட் புரோவோஸ்ட் 1954 ஜூனில் முதன்முதலில் பறந்தது. புதிதாகப் பறக்கக் கற்பவர்களை நேரடியாக ஜெட்டிலேயே பழக்கலாம் என்று பிரிட்டன் துணிந்தது இந்த விமானத்தை நம்பித்தான். நம்முடைய விமானம் 1960களின் முற்பகுதியில் பிரிட்டிஷ் ஆகாயப்படைக்காகக் கட்டப்பட்டது. அப்போது அதன் எண் எக்ஸ்எஸ்228. பிறகு டி.52 என்ற ஏற்றுமதி வகையாக மாற்றப்பட்டு, ஏடனுக்குப் போனது. அங்கே அதன் எண் 104. 1967 நவம்பர் 30ஆம் தேதி அந்த நாடு சுதந்திரம் பெற்றுத் தென் ஏமன் ஆனது. 1975இல் விமானம் சிங்கப்பூருக்கு வந்து இன்னோர் எண்ணைப் பெற்றது. 1980களில் மீண்டும் பிரிட்டனுக்கே திரும்பி, ஜி-பிஆர்ஓவி என்ற குடிமைப் பதிவுடன் தனியார் விமானமாகப் பறந்தது.

இப்போது கவனியுங்கள். பிரிட்டனில் அந்த விமானத்துக்குப் பூசிய வண்ணம் தெற்கு அரேபியாவுடையது. உடம்பில் எழுதிய எண் 104. வேடிக்கை பார்க்கப் போனவர், "ஓ, அரேபிய விமானமா!" என்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். சிங்கப்பூரில் பணியாற்றிய ஆண்டுகள் அவர் கண்ணில் படவே படாது. அந்த வண்ணம் பொய்யில்லை. ஆனால் நான்கு அத்தியாயங்களில் ஒன்றை மட்டுமே அது சொல்கிறது.

அப்படியானால் எதைப் பிடித்துத் தேடுவது? நான்கு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, கட்டுமான எண். விமானம் கட்டப்பட்ட தொழிற்சாலை கொடுத்த எண் இது. சிறு தகட்டில் பொறித்திருப்பார்கள். நாடு மாறினாலும் வண்ணம் மாறினாலும் இது மாறாது. நம் அடையாள அட்டை எண் போல என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

இரண்டு, பதிவேடுகள். பிரிட்டிஷ் ஆகாயப்படை ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் இடமாற்ற அட்டை வைத்திருந்தது. எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போனது என்று அதில் இருக்கும். குடிமை விமானமென்றால் பிரிட்டனின் பதிவேட்டைப் பொதுமக்களே பார்க்கலாம். முந்தைய அடையாளமும் அதில் கிடைக்கும்.

மூன்று, பராமரிப்புக் குறிப்பேடு. விமானத்தின் உடலுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். இயந்திரத்தைக் கழற்றி வேறொன்றில் மாட்டுவது வழக்கம். ஆகவே இயந்திரத்தின் வரலாற்றை விமானத்தின் வரலாறாக எழுதிவிடக்கூடாது.

நான்கு, தேதியுள்ள படமும் செய்தியும். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களும் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் உள்ளன. பாய லேபாரில் ஆகாயப்படை அரும்பொருளகம் இருக்கிறது.

இனி நம் பாடத்துக்கு வருவோம். சான்று கிடைத்தால் மட்டும் போதாது, அதன் பலம் வாக்கியத்தில் தெரிய வேண்டும். அதற்குத் தமிழில் அருமையான வசதி உண்டு. இந்த மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.

"விமானம் 1975இல் சிங்கப்பூருக்கு வந்தது."
"விமானம் 1975இல் வந்ததாகப் பதிவேடு கூறுகிறது."
"விமானம் 1975இல் வந்திருக்கலாம்."

வந்தது, வந்ததாக, வந்திருக்கலாம். வினை முடியும் விதத்திலேயே எழுதுபவரின் பொறுப்பு தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் 'ஆகும்' என்று முடிக்கும் பழக்கத்தை உடைக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் இப்படிச் செய்யலாம். ஆண்டு, எண், யாரிடம் இருந்தது, எப்படித் தெரியும் என்று நான்கு பத்தி கொண்ட அட்டவணை கொடுங்கள். நான்காவது பத்தி காலியாக இருந்தால் அந்த வரியைக் கட்டுரையில் சேர்க்கக்கூடாது. இது ஒன்றே விதி. நம் விமானம் சிங்கப்பூரில் தாங்கிய எண்ணை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. மாணவர்களே கண்டுபிடிக்கட்டும், எங்கே கண்டார்கள் என்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிலேத்தார் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் பலர் வேலை பார்த்தார்கள். பிரிட்டிஷ் படை வெளியேறியபோது வேலை போன குடும்பங்கள் இருந்தன. விமானத்துக்காவது இடமாற்ற அட்டை உண்டு. அதைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, காவல் காத்தவர்களில் பலருக்கு அதுவும் கிடையாது. "உங்க தாத்தா, பாட்டி யாராவது சிலேத்தார்ல வேலை பார்த்தாங்களா?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு கை உயர்ந்தாலும் போதும். பழைய வேலைச் சீட்டு, பின்பக்கம் தேதி எழுதிய படம், பதிவு செய்த ஓர் அரைமணி நேரப் பேச்சு, எல்லாமே அந்த நான்காவது பத்திக்குரிய சான்றுகள்தாம். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். இந்த ஜூன் விடுமுறைக்கு வேறு ஒப்படைப்பு எதுவும் வேண்டாம், இதையே கொடுங்கள்.