குளக்கரையில் நின்றால் சூரியன் எந்தப் பக்கம்?

மயிலாப்பூர் குளத்தின் மேற்குக் கரையில் காலை ஏழு மணிக்கு நின்று கபாலீசுவரர் கோபுரத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். வானம் வெளிறிப்போய், கோபுரம் கறுத்துப்போய் வரும். விலை உயர்ந்த கேமரா இருந்தால் சரியாகிவிடுமா? ஆகாது. சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் கிழக்கு மாட வீதிக்குப் போங்கள், பெரிய கோபுரத்தின் முகம் முழுக்க வெயில் விழும். குளக்கரைக்கு மாலை நாலரைக்கு மேல் வாருங்கள்.

“பொன் வெயில்” (சூரியன் தாழ்வாக இருக்கும்போது வரும் மென்மையான வெளிச்சம்) எவ்வளவு நேரம் இருக்கும்? நம் ஊரில் குறைவுதான். லண்டனில் சூரியன் சாய்வாக ஏறும். சென்னையில் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறுகிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஜூன் மாதம் 5.45-க்கு முன்பே உதயம், ஜனவரியில் 6.30-க்குப் பிறகு. உதித்து ஒரு மணி நேரத்துக்குள் வெயில் சுள்ளென்று ஆகிவிடும். சூரியன் கடலில் மறையும் படம் வேண்டுமென்றால் மட்டும் இங்கே வராதீர்கள், அது மேற்குக் கடற்கரைக்காரர்களின் சொத்து.

சரி, உச்சி வெயிலில் என்ன செய்வது? ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் மேலே நிற்கும். கண்ணுக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் கறுப்பு நிழல் விழும். பாட்டியைப் படம் எடுக்கிறீர்களா? திண்ணையின் விளிம்புக்குச் சற்று உள்ளே, தெருவைப் பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள். தலைக்கு மேல் கூரை, எதிரே திறந்த வானம். இதுதான் திறந்த நிழல் (வெயில் படாத, ஆனால் வெளிச்சம் நிறைந்த இடம்). எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது.

தி. நகர் நடைபாதைக் கடைகளில் ஒரு தொல்லை உண்டு. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நிற்பவரின் முகமும் நீலமாகும். பிறகு கணினியில் திருத்தினால் முகம் சரியாகும், பின்னால் இருக்கும் தெரு மஞ்சளாகிவிடும். இரண்டடி தள்ளி நிற்கச் சொல்வதே மேல்.

கைப்பேசி போதுமா? கற்றுக்கொள்ள தாராளமாகப் போதும். ஆனால் அது நிழலைத் தானாகவே வெளிச்சமாக்கிவிடும். நீங்கள் ரசித்த இருட்டு காணாமல் போகும். திரையில் முகத்தைத் தொட்டு, கூடவே தெரியும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் தெரியும்வரை இழுக்கலாம்.

டிஜிட்டல் கேமராவுக்கும் ஃபிலிம் கேமராவுக்கும் பழக்கம் நேர் எதிர். டிஜிட்டலில் மிகை வெளிச்சத்தால் வெளுத்துப்போன இடத்தை மீட்க முடியாது. அதனால் பளிச்சென்ற பகுதியைப் பார்த்து வெளிச்ச அளவை வையுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் மிகை வெளிச்சத்தை ஓரளவு தாங்கும், குறைந்தால்தான் நிழல் சேறாகும். எனவே நிழலைப் பார்த்து வையுங்கள். ஒளிமானி (வெளிச்சத்தை அளக்கும் கருவி) இல்லாத பழைய கேமராவா? நல்ல வெயிலில் துளை அளவு (லென்ஸ் திறந்திருக்கும் அளவு) 16. 400 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம் (அந்த எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும்) என்றால் ஷட்டரை நொடியில் 500-ல் ஒரு பங்கில் வைத்தால் போதும்.

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் ஊர்வலத்துக்குப் போகிறீர்களா? அது பிற்பகலில். தெற்கு மாட வீதியில் மேற்கு நோக்கி நின்றால் குடைகளின் ஓரம் மின்னும், முகங்கள் இருண்டிருக்கும். கிழக்கு நோக்கி நின்றால் முகங்கள் தெளிவு. முதலில் இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு நகர இடம் இருக்காது.

சன்னல் வெளிச்சத்தைப் படிக்க பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தை ஒலி இல்லாமல் பாருங்கள். ஒவ்வொரு காட்சியிலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். எந்த வகுப்பைவிடவும் இதை நான் நம்புகிறேன்.

கடைசியாக, ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படிந்து எல்லாம் மங்கலாகத் தெரியும். துடைத்தாலும் திரும்பப் படியும். பையைத் திறக்காமல் சற்று நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். ஏ.சி. அறையை விட்டு முன்கூட்டியே கிளம்பினால், உதயம் தவறாது.