ஒரே ஒரு ஆட்டம்... கோப்பையே ரத்து! தெரியுமா?

பௌர்ணமி வந்தால் பஸ்ஸும் ஜனமுமாக எங்கள் திருவண்ணாமலை வேங்கிக்கால் ரோடு திணறும். 2020-ல் அந்தக் கிரிவலத்துக்கே தடை! நவம்பர் 29 அன்று மகாதீபம்கூட வெளியூர் பக்தர்கள் இல்லாமல்தான் ஏற்றப்பட்டது. அதே கொரோனா, ஆசியக் கண்டத்தின் கிளப் கால்பந்துப் போட்டிகளையும் புரட்டிப் போட்டது. அதில் நம் தமிழ்நாட்டு அணி ஒன்றும் சிக்கியது, தெரியுமா?

● அந்த அணி சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானமாக இருந்தது கோவை நேரு ஸ்டேடியம்! 2019 மார்ச் 9, இந்திய கிளப் போட்டியான ஐ-லீக்கின் கடைசி நாள். எதிரணி மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் நடந்ததுதான் அதிசயம்: தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார்! 3-1. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திக் கோப்பை நமக்கு!

● அந்த வெற்றிதான் ஆசியக் கதவைத் திறந்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 தோல்வி. அடுத்து, ஆசியாவின் இரண்டாம் நிலைப் போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பையின் பிரிவுச் சுற்று. எதிரே, பெங்களூரு எஃப்.சி.யைப் பெனால்டியில் வீழ்த்திவிட்டு வந்த மாலத்தீவின் மாசியா. ஆட்டம் 2-2 டிரா. அன்று தேதி 2020 மார்ச் 11. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் அதே நாள்!

● அதே பிரிவில், அதே நாளில், டாக்காவில் வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸ் 5-1 என வென்றது. அதில் நான்கு கோல் அர்ஜென்டினாவின் எர்னான் பார்கோஸ் ஒருவரே அடித்தவை!

● இந்தப் பிரிவின் மீதி ஆட்டங்களை அக்டோபரில் மாலத்தீவில் நடத்தத் திட்டம் போட்டார்கள். செப்டம்பர் 10 அன்று போட்டியே ரத்து! 2004-ல் தொடங்கிய கோப்பைக்கு சாம்பியனே இல்லாமல் போன முதல் ஆண்டு அதுதான்.

● பெரிய அண்ணனான ஆசிய சாம்பியன்ஸ் லீக் கத்தாரில் தொடர்ந்து நடந்தது. ஆனால் நடப்பு சாம்பியன் அல் ஹிலாலின் கதி? வீரர்கள் பலருக்குத் தொற்று. 13 பேர் காட்ட வேண்டிய இடத்தில் 11 பேர்தான்! விலகியதாக அறிவித்து, அதுவரை பெற்ற வெற்றிகளையும் அழித்துவிட்டார்கள். டிசம்பர் 19 இறுதியில் தென்கொரியாவின் உல்சான் ஹூண்டாய் 2-1 என ஈரானின் பெர்செபோலிஸை வென்றது.

● மலேசியாவின் ஜொகூர் அணி கத்தாருக்குப் போகவே இல்லை. அவர்கள் நாட்டு அரசு பயண அனுமதி தரவில்லை!

● 2021 ஏப்ரலில் எஃப்.சி. கோவா, சாம்பியன்ஸ் லீக் பிரிவுச் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப் ஆனது. அல் ரய்யானுடன் 0-0 டிரா செய்து முதல் புள்ளியையும் பெற்றது. எதிரணிப் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1998 உலகக் கோப்பை வென்ற பிரான்ஸ் அணியின் லாரன் பிளாங்க்!

கோவாவுக்குக் கிடைத்த வாய்ப்பு நம் சென்னை சிட்டிக்குக் கிடைக்கவில்லை. 2020-ல் ஏ.எஃப்.சி. கோப்பைப் பிரிவுச் சுற்றில் அது ஆடியது ஒரே ஆட்டம், தோற்காத ஆட்டம். தமிழகக் கால்பந்து வரலாற்றை எழுதுகிறவர்களே, அந்த 2-2ஐ விட்டுவிடாதீர்கள்!