மூலிகைச் சாரங்கள்: ஆய்வு ஏன் இன்றியமையாதது?

மூலிகை இயற்கையானது என்பதாலேயே அது தீங்கற்றது ஆகிவிடாது. 1990களின் தொடக்கத்தில், பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்க மூலிகை மருந்து உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, நம் ஆடுதீண்டாப்பாளையின் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் வேர் அதில் இடம்பெற்றிருந்தது. அவ்வேரிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதுடன் புற்றுநோயையும் உண்டாக்கவல்லது.

இத்தகைய தீங்கைத் தவிர்க்க மேற்கொள்ளப்படும் ஆய்வுகள்:

• அடையாளம்: மூலப்பொருளின் திசு அமைப்பு நுண்ணோக்கியில் ஆராயப்படுகிறது.

• வேதிக் கூறுகள்: மென்படல வண்ணப்பிரிகையில் சாரத்தின் கூறுகள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து, உண்மையான மூலிகையின் பட்டைகளுடன் ஒப்பிடப்படுகின்றன. நிலவேம்பு எனில், ஆன்ட்ரோகிராஃபோலைடு என்னும் கசப்புப் பொருளின் அளவும் கணக்கிடப்படுகிறது.

• மாசுகள்: பத்து இலட்சம் பங்கில் ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்குக்கு மிகலாகாது. பூஞ்சை நச்சு, பூச்சிக்கொல்லி எச்சம், நோய்க்கிருமிகள் ஆகியனவும் சோதிக்கப்படுகின்றன.

உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்படாத மூலிகை மருந்துகளை வாங்க வேண்டாம். கருவுற்றோரும் சிறுநீரக, கல்லீரல் நோயுற்றோரும் மருத்துவரின் ஆலோசனையின்றி அவற்றை உட்கொள்ளலாகாது.