தானியக் களஞ்சியத்துள் எழும் உஷ்ணம்

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கோழிகளுக்குத் தீவனம் அரைக்கும் ஆலைகள் சிலவற்றில், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளால் ஆன நெடிய உருளைகளைக் காணலாம். சைலோ என்று வழங்கும் அக்களஞ்சியங்களில் கொட்டி வைத்த மக்காச்சோளத்தை ஜீவனற்ற பண்டமென்று எண்ணுவது பெரும் பிழை. ஒவ்வொரு மணியும் பிராணவாயுவை உட்கொண்டு, தன் மாவுச்சத்தைச் சிறுகச் சிறுகச் செலவிட்டு, கரியமில வாயுவையும் நீரையும் உஷ்ணத்தையும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது.

ஈரப்பதம் நூற்றுக்கு 13-க்குள் அடங்கியிருக்கும்வரை இந்தச் சுவாசம் மிக மந்தமானது. 15-ஐத் தாண்டிவிட்டாலோ பூஞ்சணம் தலையெடுத்து, தானும் சுவாசித்து நீரையும் சூட்டையும் பெருக்க, அந்த நீரே மேலும் பூஞ்சணம் படர்வதற்கு ஆதாரமாகிறது. பூஞ்சணங்களுள் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் இனம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின், கோழியின் ஈரலைக் கெடுக்கும் கொடிய விஷம். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, அவற்றுக்கு இட்ட பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தே இந்நஞ்சைக் கண்டறிந்தார்கள். தீவனத்தைக் குருணையாக்கும்போது ஏற்றும் சூட்டுக்கும் அது அழியாதாதலால், வருமுன் தடுப்பதே சிறந்த உபாயம்.

ஆனால் தானியமோ உஷ்ணத்தை எளிதில் கடத்துவதில்லை. குவியலின் நடுவே ஓரிடம் 40 டிகிரியைக் கடந்துவிட்ட பின்னரும், சில அடி தள்ளியிருக்கும் மணிகள் பழைய நிலையிலேயே இருக்கக்கூடும். வெளித் தகட்டைத் தொட்டுப் பார்ப்பவருக்கு யாதொன்றும் புலப்படாது. ஆகவே கூரையிலிருந்து எஃகு வடங்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஓரிரு மீட்டருக்கு ஓர் உணர்வியைப் பொருத்துகிறார்கள். இரு வேறு உலோகங்கள் கூடும் சந்திகளுள் ஒன்றைச் சூடேற்றினால் அருகிலுள்ள காந்த ஊசி அசைவதை 1821-இல் ஸீபெக் என்னும் விஞ்ஞானி கண்டார். அந்தத் தத்துவத்தைக் கொண்டு, செம்பையும் செம்பு-நிக்கல் கலப்பையும் இணைத்துச் செய்த உணர்விகள் இன்றும் இவ்வடங்களில் உழைக்கின்றன.

இங்கே அளவைக் காட்டிலும் ஏற்றமே முக்கியமென்பது என் கருத்து. கோடையில் கொட்டிய சோளம் 35 டிகிரியில் அப்படியே நிற்பது அச்சத்துக்குரியதன்று. மற்றவையெல்லாம் 28-இல் அசையாதிருக்க, வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாக ஏறிவரும் ஒரேயோர் உணர்வியே அபாயத்தை அறிவிப்பது.

ஈரத்தை அறிய, மணிகளுக்கிடையே தங்கிய காற்றின் ஈரநிலையை அளக்கிறார்கள். அது நூற்றுக்கு 70-ஐ நெருங்கினால் பூஞ்சணத்துக்கு வழி திறந்துவிட்டது. உலர்ந்த சோளத்திலும் இது நேரும்: நடுவிலுள்ள வெப்பக்காற்று மேலெழ, அதிலுள்ள நீராவி குளிர்ந்த கூரையடியில் நீராக மாறி, மேற்பரப்பை நனைத்து அடையாக்கிவிடும். அடியிலுள்ள விசிறியால் காற்றைச் செலுத்துவதே இதற்குப் பரிகாரம் எனினும், மழைக்காலத்து ஈரக்காற்றைச் செலுத்தினால் சோளம் அதையும் கிரகித்துக்கொள்ளும். ஆதலால் வெளிக்காற்றையும் அளந்து, அது உள்ளிருப்பதைவிடக் குளிர்ந்தும் வறண்டும் இருக்கும் வேளையிலேயே விசிறியை ஓட்டுகிறார்கள்.