சேற்று வாயுவை உண்ணும் சிற்றுயிர்கள்

நம் ஆஸ்டின் டவுன் குடும்பங்களிற் பலவற்றுக்குச் சொந்த ஊர் நஞ்சையோடு ஏதேனும் ஓர் உறவு இருக்கக் கூடும். விடுமுறையில் ஊர் செல்லும் குழந்தைகள் நீர் நிற்கும் வயலில் இறங்கினால் காலடியிலிருந்து குமிழிகள் கிளம்பும். அவற்றில் பெரும்பங்கு மீதேன் என்னும் வாயு. காற்றுப் புகாத சேற்றில் வேரும் வைக்கோலும் மக்குவதால் அது பிறக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவினும் சுமார் 80 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்க வல்லது.

ஆயினும் பிறந்த வாயு முழுவதும் வெளியேறுவதில்லை. அதையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் உள்ளன என்பதை 1906-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து ஸோன்கென் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் கோயமுத்தூரிலும் இவ்வாராய்ச்சி தொடங்கிற்று. சென்னை மாகாண அரசின் விவசாய இரசாயன நிபுணராயிருந்த ஹாரிசனும், அவருக்குத் துணைவரான பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் நெல்வயல் வாயுக்களைப் பற்றி 1913 முதல் தொடர்ந்து எழுதினர். வயல்மண்ணின் மேற்பரப்பிற் படிந்துள்ள மெல்லிய படலமே மீதேனைக் கரியமில வாயுவாக மாற்றுகிறது. அதனைப் பாசிகள் ஏற்றுப் பிராணவாயுவை விடுகின்றன. அது நெல்லின் வேருக்குப் பயன்படுகிறது என்று அவர்கள் கண்டனர். 1920-இல் ஐயர் நெல்வயல் மண்ணிலிருந்த மீதேன் உண்ணும் பாக்டீரியா ஒன்றைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிட்டார். நம் பள்ளிப் பாடங்களில் அவர் பெயரை நாம் கண்டதில்லை!

இவ்வுயிர்கள் எத்தனை என எண்ணுவதே பெரும்பாடு. வடதேசங்களில் ஸ்பாக்னம் என்னும் பாசி மடிந்து, முற்றும் மக்காமற் குவிந்த பீட் சதுப்புகளில் இவ்வேலை வெகுவாக நடந்துள்ளது. பழைய முறை இது: சிறிதளவு மண்ணை நீரிற் கரைத்து, பத்திலொரு பங்காகப் பன்முறை நீர்க்கச் செய்து, மீதேனும் காற்றும் நிரப்பிய குப்பிகளில் அடைத்து வாரக்கணக்கிற் காத்திருப்பர். எத்தனையாவது குப்பி வரை உயிர் வளர்கிறதோ, அதைக் கொண்டு தொகையைக் கணிப்பர். புளிப்பும் உப்புக் குறைவுமுள்ள பீட் நீரில் வாழும் பாக்டீரியாக்களோ ஆய்வுக்கூடத்துச் சத்துநீரில் வளர மறுத்தன. விருந்தை ஒதுக்கிக் கஞ்சி கேட்கும் முதியவரைப் போன்ற இயல்பு! நீர்த்த, புளித்த கரைசலைக் கொடுத்த பின்னரே ரஷ்ய ஆராய்ச்சியாளர் ஸ்வெத்லானா தெதிஷ் முதலியோர் அவற்றுள் ஒன்றை வளர்த்து, 2000-ஆம் ஆண்டில் மெத்திலோசெல்லா பலஸ்ட்ரிஸ் எனப் பெயரிட்டனர்.

வளர்க்காமலே எண்ணும் வழிகளும் வந்துள்ளன. ஒளிரும் சாயமேற்றிய துணுக்குகளைக் குறிப்பிட்ட இனத்தின்மீது ஒட்டவைத்து நுண்ணோக்கியில் எண்ணுவது ஒன்று. மீதேனைச் சிதைக்கும் நொதிக்குரிய மரபணுவைத் தேடுவது மற்றொன்று. ஆனால் வழக்கமாகத் தேடப்படும் அந்த மரபணு மெத்திலோசெல்லாவிடம் இல்லை! ஆகவே அதை மட்டும் நம்பினால் ஒரு கூட்டமே கணக்கிலிருந்து தப்பிவிடும். மேலும், தொகை அதிகமென்பதால் வேலையும் அதிகமென்று கொள்வதற்கில்லை. உறங்கும் உயிர்களும் எண்ணிக்கையிற் சேர்ந்துவிடும்; ஆதலால் மண்ணைக் குப்பியிலிட்டு, மீதேன் எவ்வளவு விரைவிற் குறைகிறதென்பதையும் உடன் அளக்கிறார்கள்.

நம் நாட்டில் புனே அகர்கர் ஆராய்ச்சிக் கழகத்தார் நெல்வயலிலிருந்து பிரித்தெடுத்த ஓர் இனம் வெள்ளரிக்காய் வடிவினது. ஆதலின் மெத்திலோகுக்குமிஸ் ஒரைஸே எனப் பெயர் பெற்றது. இவ்வுயிர்களுக்கு மீதேனோடு பிராணவாயுவும் வேண்டும். நம் முன்னோர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று வயலை இடையிடையே உலரவிட்டபோது மண்ணிற் புகுந்தது அதுவே.