முதலாண்டிலேயே செய்து பார்க்கும் பொறியியல்

பொறியியல் படிப்பின் முதலாண்டு பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியல் என்றே கழிகிறது. பொறியாளர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பது அப்போது கண்ணில் படுவதே இல்லை. அந்தக் குறைக்கு மருந்துதான் குழு வடிவமைப்புத் திட்டம். நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து, நிஜமான ஒரு தேவைக்குச் சிறு செலவில், ஒரு பருவத்துக்குள் ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும்.

காரைக்கால் இதற்கு வாகான இடம். 2010-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி என்.ஐ.டி. இங்கே திருவேட்டக்குடியில்தான் இயங்குகிறது. பக்கத்திலேயே மீனவக் கிராமங்கள். கருவாடு காயவைக்கும் சூரிய உலர்த்தியை எடுத்துக்கொள்ளலாம். மரச்சட்டம், வலைத்தட்டு, மேலே பாலித்தீன் தாள், பார்க்க எளிதுதான். ஆனால் ஆவி வெளியேற மேலே போதிய வழி விடாவிட்டால் தாளின் உட்புறம் நீர் கோத்து மீன்மேலேயே சொட்டும். மீனை முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு ஈரம் போனது என்று தெரிந்துவிடும். பின்னாளில் வெப்பப் பரிமாற்றப் பாடம் வரும்போது அது வெறும் சூத்திரமாக இருக்காது.

கருவாடு போடும் பெண்களிடம் கேட்காமல் வரையத் தொடங்கும் குழு, அவர்களால் தூக்க முடியாத பெட்டியைத்தான் செய்யும். ஒருவர் உழைக்க மற்றவர்கள் பெயர் மட்டும் கொடுப்பது குழு வேலையின் பழைய நோய். ஆகவே மதிப்பெண்ணைப் பொருளுக்கு மட்டும் தராமல், ஒவ்வொருவரின் குறிப்பேட்டுக்கும் தருவதே நியாயம்.

இப்பயிற்சி பெற்றவர்களுக்கு அடுத்த களமும் உண்டு. 2017 முதல் நடந்துவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஆறு பேர் குழுவாகச் சேரலாம். அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும்.