கைதட்டினால் திரும்பும் குழந்தைக்கும் காது கேளாமல் இருக்கலாம்: பெற்றோர் அறிய வேண்டியவை

புதுதில்லி: குழந்தையின் பின்னால் நின்று கைதட்டுகிறார்கள், குழந்தை திரும்பிப் பார்க்கிறது. பல வீடுகளில் செவித்திறன் பரிசோதனை இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் காற்றின் அசைவையும் நிழலையும் உணர்ந்தும் குழந்தை திரும்பக்கூடும். உரத்த ஒலி மட்டும் கேட்டு, பேச்சொலி கேட்காத குழந்தைகளும் உண்டு.

பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் தொடக்க மாதங்களில் மற்ற குழந்தைகளைப் போலவே சிரிக்கும், மழலை ஒலி எழுப்பும். பின்னரே அவ்வொலிகள் சொற்களாக வளராமல் நின்றுவிடுகின்றன. 'இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்' என்று பெரியவர்கள் கூறும் ஆறுதலில், மூளை மொழியை மிக விரைவாகக் கற்கும் ஆண்டுகள் கைநழுவுகின்றன.

இதனால்தான் 1-3-6 என்ற கால வரம்பை மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்: பிறந்த 1 மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும்.

முதற்கட்டப் பரிசோதனையான 'ஓஏஇ' வலியற்றது. குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். காதில் வைக்கும் சிறு கருவி ஒலியை அனுப்ப, நலமான உட்செவி அதற்கு மெல்லிய எதிரொலி தரும். அந்த ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டு வரை செல்கிறதா என்பதைக் காட்டுவது 'பெரா' பரிசோதனை. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கும், கடும் மஞ்சள் காமாலை கண்டவர்களுக்கும் ஓஏஇ மட்டும் போதாது, பெராவும் தேவை.

நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தால் கண்காணிப்போ, தேவைப்பட்டால் சிறு அறுவை சிகிச்சையோ போதும். உட்செவிக் குறைபாட்டுக்குச் சில மாதக் குழந்தைக்கே காது கேட்கும் கருவி பொருத்தலாம். அதனால் பயனில்லாத கடுமையான குறைபாட்டுக்கு காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை உள்ளது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மத்திய அரசின் 'அடிப்' திட்டம் இதில் உதவுகிறது. எனினும், அறுவை சிகிச்சை முடிந்ததும் குழந்தை பேசிவிடும் என்று எண்ணுவது தவறு. கேட்கும் ஒலிக்குப் பொருள் காணவே நீண்டகாலப் பயிற்சி தேவை. அதில் பாதிச் சுமை பெற்றோருடையது. கருவிகளால் பயன் கிட்டாத குழந்தைக்குச் சைகை மொழியையும் சிறு வயதிலேயே கற்பிக்க வேண்டும். அதுவும் ஒரு முழுமையான மொழியே.

குழந்தைப் பருவச் செவித்திறன் இழப்பில் சுமார் 60 சதவீதம் தடுக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார அமைப்பு. கருவுற்ற தாயைத் தாக்கும் ரூபெல்லா ஒரு முக்கியக் காரணம். அதற்கான தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இந்தியாவில் 2017 முதல் போடப்படுகிறது.

முதல் பரிசோதனையில் தேறிய குழந்தைக்கும் மூளைக்காய்ச்சல், பொன்னுக்கு வீங்கி, காதில் சீழ் வடிதல் ஆகியவற்றால் பின்னாளில் குறைபாடு வரலாம். சீழ் வடியும் காதில் எண்ணெய் விடக் கூடாது. 2013-இல் தொடங்கிய 'ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம்' திட்டத்தின்கீழ் 18 வயது வரை அரசுப் பரிசோதனை வசதி உண்டு. பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது, செவிப் பரிசோதனை நடந்ததா என்று மருத்துவமனையில் கேட்டறியலாம். நடக்கவில்லை எனில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம்.